முப்பத்தைந்து கோவிந்தா

அண்ணா,

புது அட்டைப்பெட்டியைப் பிரித்தால் ஒரு வாசனை வருமே, அந்த வாசனையடிக்கும் குழாய் ஒன்றைப் போன மாதம் என் வாயில் வைத்தார்கள். திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரி. எனக்குப் பித்தப்பையில் கல் இருக்கிறது, எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்னால் மூச்சு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். மூக்கில் ஒரு கிளிப்பு, வாயில் அட்டைக் குழாய், எதிரே கம்ப்யூட்டர். அதன் முன்னால் புத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, என் மகளைவிடச் சின்னவள்.

வயது கேட்டாள், சொன்னேன். சுவரோடு நிறுத்தி உயரம் அளந்தாள். பிறகு என்னைக் கேட்காமலே ஒரு பொத்தானைத் தட்டினாள். பெண் என்று போட்டிருக்கிறாள் போல.

"அது எதுக்கும்மா?" என்றேன்.

"ஆம்பளைங்களுக்கு நார்மல் வேற, லேடீஸுக்கு வேற ஆன்ட்டி. ஒரே வயசு, ஒரே ஹைட்டு இருந்தாகூட அவங்களுக்கு லங்ஸ் கொஞ்சம் பெருசு."

"எல்லாம் கேட்ட, கொணத்த கேக்கலியே?"

சிரித்துவிட்டாள். "கொணத்துக்கு மெஷின்ல பட்டன் இல்ல ஆன்ட்டி. ம், ஊதண்டி, ஊதண்டி, இன்கா, இன்கா..." ஊது, இன்னும் ஊது என்று பாதியிலேயே தெலுங்குக்குப் போய்விட்டாள். நானும் கண் இருட்டும்வரை ஊதினேன்.

ஊதி முடித்ததும், ஒரே மூச்சில் ஒன்று இரண்டு சொல்லுங்கள், எவ்வளவு தூரம் வருகிறது என்று பார்க்கலாம் என்றாள். கோவிந்தா சொல்லட்டுமா என்று கேட்டேன். எதையாவது சொல்லுங்கள் என்றாள். முப்பதுக்கு மேல் சொன்னேன். எனக்குள் கொஞ்சம் பெருமைகூட. அவள் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினாள்.

"இல்ல ஆன்ட்டி. மொதல்ல சரியாத்தான் போறீங்க. பயம் வந்ததும் ஓட்றீங்க. இப்படி எண்ணுனா கணக்கு தப்பா வரும். வாட்ச் பாத்துதான் எண்ணணும்."

அந்த ஸ்டூலிலேயே நீ ஞாபகத்துக்கு வந்துவிட்டாய் அண்ணா. உன் மூச்சுக்கு ஒரு வருஷம் கணக்கு வைத்தவள் நான். கோவிந்தா சொல்லித்தான் வைத்தேன். அந்தக் கணக்கை நம்பித்தான் உன்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போகாமல் இருந்தேன். அது தப்பென்றால், நீ போனதில் என் பங்கு எவ்வளவு?

இதைக் கேட்க எனக்கு ஆளில்லை. வீட்டுக்காரர் காலையில் ரேணிகுண்டாவுக்கு வேலைக்குப் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வருகிறார். சொன்னால், "போனத பேசி இன்னா ஆவப்போவுது" என்பார். அவர் சொல்வதிலும் தப்பில்லை. மகள் பெங்களூரில் இருக்கிறாள். போனில் அழுதால் பயந்துவிடுவாள். பெருமாளிடம் சொல்லலாம். ஆனால் இதில் அவர் பேரும் சேர்ந்திருக்கிறது. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

நாம் ஒரே வயிற்றில் பிறந்து ஒரே சட்டிக் களியைத் தின்று வளர்ந்தவர்கள். ஆனால் மூச்சு மட்டும் ஆளுக்கொரு விதமாக வாய்த்தது. நாகலாபுரத்துக் கொல்லையில் மோட்டார் ரிப்பேர் ஆகிக் கிடக்கும் நாட்களில் கிணற்றில் தண்ணீர் மேலேறி நிற்கும். நீயும் உன் கூட்டாளிகளும் முங்கிக்கொண்டு யார் அதிக நேரம் இருப்பது என்று பந்தயம் கட்டுவீர்கள். எண்ணுவதற்கு ஒரு ஆள் வேண்டும். குதிக்க அனுமதி இல்லாத ஆள் நான் ஒருத்திதான். வாட்ச் யாரிடமும் கிடையாது. நம்மைப் பெற்ற நைனா பஜனையில் சொல்லும் கோவிந்தா என் வாயில் இருந்தது. அதையே எண்ணிக்கையாக வைத்துக்கொண்டேன்.

நீ மேலே வந்து தலையை உதறிக்கொண்டு முதலில் கேட்பது, "எத்தினி பாப்பா?"

"அறுவத்திரெண்டு."

"உங்கண்ணன்னா மட்டும் மெதுவா எண்றியா, வேகமா எண்றியா?" என்று மற்றவர்கள் சண்டைக்கு வருவார்கள். "பெருமாள் பேர சொல்லி எவளாவது பொய் சொல்லுவாளா?" என்று நீ எகிறுவாய். அதோடு பேச்சு முடிந்துவிடும். இப்போது நினைத்தால், அவர்கள் கேட்டது சரியான கேள்வி அண்ணா. நாம்தான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நானும் முங்குகிறேன் என்று ஒருநாள் நைனாவைக் கேட்டேன். "பொட்டப்புள்ளைக்கு இன்னாத்துக்கு மூச்ச அடக்கற வேல? போய் மாட்டுக்குத் தண்ணி காட்டு" என்றார். தண்ணி காட்டப் போன இடத்தில் தொட்டிக்குள் முகத்தை வைத்துப் பார்த்தேன். பதினைந்து கோவிந்தா தாண்டவில்லை, நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டது. மூக்கில் தண்ணீர் ஏறி இருமிக்கொண்டு நின்றவளை நீ பார்த்துவிட்டாய். பெண்களுக்கு மூச்சே அவ்வளவுதான் போலிருக்கிறது என்று உன்னிடம் சொன்னேன்.

"மூச்சு தீரல பாப்பா. நீ பயந்துக்கற. உள்ள இன்னும் காத்து கீது" என்றாய். "பயப்படாம இருந்து பாரு. கொஞ்ச நேரத்துக்கு மேல ஒண்ணுமே தெரியாது. அவ்ளோ அமைதியா கீது."

அந்த வயதில் அது எனக்குப் பெரிய தைரியமாகத் தெரிந்தது.

கல்யாணமாகித் திருப்பதிக்கு வந்த பிறகும் எனக்கு அந்தத் தடதடப்பு போகவில்லை. கூட்டத்தில் நின்றால் வரும், மாமியார் சத்தம் போட்டால் வரும், சும்மா அரிசி களைந்துகொண்டிருக்கும்போதுகூட வரும். மூச்சு வாங்குகிறது என்று டாக்டரிடம் போய் நிற்பேன். அவர் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, என்னிடம் சொல்லாமல் என் வீட்டுக்காரரிடம் சொல்வார்: "ஏம் காது. டென்ஷன்." ஒன்றுமில்லை என்பதைத் தெலுங்கில் எத்தனை விதமாகச் சொல்லலாம் என்று அந்த டாக்டர்களிடம்தான் கற்றுக்கொண்டேன். நீயோ சாந்திபுரம் பக்கம் கல் அறுக்கிற பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் வெள்ளைப் பொடிக்குள் நின்றாய். ஒருநாளும் மூச்சு வாங்குகிறது என்று நீ சொன்னதில்லை. உனக்கு இரும்பு நெஞ்சு என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

கல்யாண மண்டபத்தில் ஏழு நாள் இலவச மூச்சுப் பயிற்சி நடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? பட்டறையை விட்டுவிட்டு நீயும் அண்ணியும் ஊரோடு வந்துவிட்ட புதிது. "பாட்டு இல்ல, கூத்து இல்ல, சும்மா ஒக்காந்து மூச்சு வுடறதுக்கு ஒரு கிளாஸா?" என்று கிண்டல் செய்துகொண்டே என்னோடு வந்தாய். ஆண்களை ஒரு பக்கம், பெண்களை ஒரு பக்கம் உட்காரவைத்தார்கள். சொல்லிக்கொடுத்தவர் ஒரு ரிடையர்டு ஆசிரியர். உள்ளே இழுத்து அடக்கச் சொன்னார். பெண்கள் பக்கம் ஒவ்வொருவராக விட்டுவிட்டார்கள். நான் எல்லோருக்கும் முதலில் விட்டேன். ஆண்கள் பக்கமும் விட்டார்கள். கடைசிவரை கண்ணை மூடிக்கொண்டு கல் மாதிரி உட்கார்ந்திருந்தது நீதான். மண்டபமே கைதட்டியது.

"அடக்கறதுல ஒடம்பு பாதி, கொணம் பாதி" என்றார் அவர். "சிலருக்கு உள்ள மணி சீக்கிரமா அடிக்கும், வுடு வுடுன்னு. அவங்க பயந்தவங்கன்னு நெனைக்காதீங்க. சிலருக்கு மணி லேட்டா அடிக்கும். அவங்க தைரியசாலின்னும் நெனைக்காதீங்க."

மறுநாள் மூச்சை வெளியே விடும் பயிற்சி. ஒரு நீள ஓசையாக எவ்வளவு நேரம் விட முடிகிறதோ விடச் சொன்னார். ஒவ்வொருவராக ஓய்ந்தார்கள். கண்ணைத் திறந்து பார்த்தால் என் குரல் மட்டும் போய்க்கொண்டிருக்கிறது. நாற்பது வருஷமாகத் தினம் காலையில் நாமாவளி சொல்கிற வாய் அது. ஆண் பெண் எல்லோரிலும் இந்த அக்காதான் முதல் என்று என்னைக் காட்டினார். நீ இருந்த இடத்திலிருந்தே கத்தினாய்: "அது மூச்சு இல்ல சார், வாயி! பொறந்ததுலேர்ந்து அடங்கினதில்ல!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் உனக்கு இருமல் வந்தது, நெடுநேரம். ஆசிரியர் உன் பக்கத்தில் வந்து நின்று, "ஒங்களுக்கு அடக்கறது பிரமாதம். வுடறதுதான் சரியா வரல. ஒரு டாக்டர பாருங்க" என்று சொன்னார். கைதட்டு வாங்கிய ஆளை எந்த டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவது என்று நான் விட்டுவிட்டேன்.

எட்டு மாதம் கழித்துச் சித்தூரில் நெஞ்சுக்கு எக்ஸ்ரே படம் எடுத்தபோது நுரையீரல் முழுக்கக் கல்தூசி என்றார்கள். மூச்சு வாங்குகிறதா என்று டாக்டர் கேட்டார். "சேச்சே" என்றாய், ஏதோ அவர் உன்னைத் திருடினாயா என்று கேட்டுவிட்டதுபோல. மருந்து எழுதிக்கொடுத்தார்கள். வெளியே வந்த நர்ஸம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வாரத்துக்கு ஒருமுறை இவரை மூச்சை அடக்கச் சொல்லி செகண்டு முள்ளைப் பார்த்து எண்ணுங்கள், முப்பதுக்குக் கீழே வந்தால் ஒருநாளும் தாமதிக்காமல் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டும் கருவி ஒன்றும் வாங்கிக்கொடுத்தேன். "கிளிப்பு மாட்டிக்க நான் இன்னா கொடியில காயற துணியா?" என்று அதை அலமாரி மேல் வைத்துவிட்டாய். அதன் பிறகு நான் எண்ணுவது ஒன்றுதான் பாக்கி.

என்னைப் பற்றி உனக்குத் தெரியும். ஏழாவதோடு படிப்பை நிறுத்தினாலும், பால்காரர் வராத நாள் முதல் சிலிண்டர் மாற்றிய தேதி வரை எனக்கு நோட்டில் ஏற வேண்டும். உனக்கென்று ஒரு நோட்டுப் போட்டேன். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் புத்தூர் வந்து, மாறி, திருப்பதியில் இறங்கி, கோவிந்தராஜர் கோயிலுக்குப் போய்விட்டு என் வீட்டுக்கு வருவாய். சுவாமி அலமாரிக்கு முன்னால் உட்கார வைப்பேன். முதல் சனிக்கிழமை சுவர்க் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு சரிபார்த்தேன். ஒரு கோவிந்தா, ஒரு செகண்டு. முள்ளும் என் வாயும் ஒன்றாகவே போயின. நாற்பத்தெட்டு வந்தது.

ஒருமுறை சரிபார்த்தேன். அதன் பிறகு கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பெருமாள் பேரைச் சரிபார்க்கக் கடிகாரம் எதற்கு என்று நினைத்தேன். இது நான் செய்தது. வேறு யாரும் செய்ததில்லை.

சில வாரங்களில் நாற்பதுக்கு வந்தது. பிறகு முப்பத்தைந்தில் நின்றது. முப்பத்தாறு, முப்பத்தைந்து, முப்பத்தைந்து, முப்பத்தாறு. நோட்டைத் திருப்பினால் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல இருக்கும். நிலையாக நிற்கிறது, பெருமாள் பிடித்து நிறுத்தியிருக்கிறார் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் கற்பூரம் ஏற்றினேன்.

ஆனால் என் கண் பார்த்துக்கொண்டுதான் இருந்தது அண்ணா. என் வீட்டு மாடிக்குப் பதினான்கு படி. நீ ஆறாவது படியில் நின்று கீழ்வீட்டுத் தெலுங்கம்மாவிடம், "ஏம் கூரம்மா ஈரோஜு?" என்று இன்றைக்கு என்ன குழம்பு என்று விசாரிப்பாய். அவர் பதில் சொல்லி முடித்தும் நகரமாட்டாய். கத்தரிக்காய் என்ன விலை என்பாய், பேத்திக்கு ஜுரம் விட்டதா என்பாய். உனக்கு ஊரெல்லாம் சிநேகிதம் என்று நினைத்தேன். பதினோராவது படியில் வேட்டியை அவிழ்த்துக் கட்டுவாய். உட்கார்ந்து மூச்சை அடக்கும்போது கழுத்து நரம்பு கயிறு மாதிரி எழும்பும். உதடு நாவல்பழம் தின்றதுபோல ஆகும். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அந்தப் பழைய தடதடப்பு ஆரம்பிக்கும். எப்படியாவது முப்பதைத் தாண்டிவிட வேண்டும், எப்படியாவது தாண்டிவிட வேண்டும் என்று வாய் போகும். தாண்டியதும்தான் எனக்கு என் மூச்சு திரும்பி வரும்.

நீ படுத்துவிட்டாய் என்று அண்ணி போன் செய்த காலையில் நல்ல மழை. நான் புத்தூர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது உன் முகத்தில் முகமூடி மாட்டியிருந்தார்கள். இவ்வளவு நாள் இதை எப்படித் தாங்கினார், ஏன் முன்னமே கொண்டுவரவில்லை என்று டாக்டர் கேட்டார். நான் பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினேன். "போன சனிக்கெழமகூட முப்பத்தஞ்சு சார்" என்றேன். அவர் இரண்டு பக்கம் திருப்பினார். என் முகத்தைப் பார்த்தார். என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். மத்தியானம் நீ போய்விட்டாய்.

இதெல்லாம் நடந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அந்த நோட்டு சரியாக இருந்தது, விதிதான் தப்பிப்போனது என்றுதான் இத்தனை நாள் ஆறுதலாக இருந்தேன். அட்டைக் குழாய் வைத்த அந்தப் பெண் அதையும் வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் புடவைகூட மாற்றவில்லை. செல்போனில் ஸ்டாப்வாட்ச் போட்டுச் சுவாமி அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்தேன். நிதானமாக முப்பத்தைந்து கோவிந்தா சொன்னேன். முப்பத்துநான்கு செகண்டு. பிறகு கண்ணை மூடி உன் கழுத்து நரம்பையும் உதட்டையும் நினைத்துக்கொண்டேன். நினைக்க வேண்டியதே இல்லை, தானாக வந்து நின்றது. முப்பத்தைந்து சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்தால் பத்தொன்பது. இன்னொருமுறை சொன்னேன், இருபது. இன்னொருமுறை, பத்தொன்பது.

உன் மூச்சு குறையக் குறைய என் பயம் கூடியது. பயம் கூடக்கூட என் வாய் ஓடியது. இரண்டும் ஒன்றுக்கொன்று ஈடு கட்டிக்கொண்டு ஒரு வருஷம் முப்பத்தைந்திலேயே நின்றிருக்கின்றன. நான் எழுதி வைத்தது உன் மூச்சை மட்டும் இல்லை, அதில் என் மூச்சும் கலந்திருக்கிறது. பெருமாள் பேரில் குற்றமில்லை. அதை விரட்டியது நான்.

என்னுடைய ரிப்போர்ட் வாங்கப் போனபோது அங்கே இருந்த டாக்டரிடம் உன் விஷயத்தைச் சொல்லிக் கேட்டேன். "கல்தூசி படிஞ்ச நுரையீரல திருப்பிக் கொண்டுவர முடியாதும்மா. ஆக்சிஜன் வெச்சிருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கலாம். எத்தன நாள்னு யாராலயும் சொல்ல முடியாது" என்றார். என் நுரையீரல் நன்றாக இருக்கிறதாம். நாற்பது வருஷமாக மூச்சு வாங்குகிறது, மூச்சு வாங்குகிறது என்று சொன்னவளுக்கு நுரையீரல் நன்றாக இருக்கிறது. வாங்கவே இல்லை என்றவன் நீ.

அந்த 'கொஞ்ச நாள்' என்னை விடவில்லை. போன வெள்ளிக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். அண்ணியிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று பஸ்ஸில் வார்த்தையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டேன். அண்ணி வாசலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"வா பாப்பா. இன்னா திடீர்னு? ஒடம்பு இப்டி எளச்சிட்டியே, சாப்புட்றியா, பூஜ மட்டுந்தானா?"

நான் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டைக் காட்டினேன், பத்தொன்பது என்றேன். அண்ணி கடலையை உரித்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும் கையைத் தட்டித் தூசியை உதறினாள்.

"அவுருக்குத் தெரியும் பாப்பா."

"இன்னா தெரியும்?"

"நீ வேகமா எண்றது. சனிக்கெழம வூட்டுக்கு வந்து செருப்ப கழட்டும்போதே சிரிப்பாரு. 'இன்னிக்கிப் பெருமாளு ரயிலு வண்டி மாதிரி ஓட்னாருடீ'ன்னுவாரு."

நான் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டேன்.

"நான் சொன்னேன், பாப்பாகிட்ட மெதுவா எண்ணச் சொல்லுன்னு. 'எதுக்கு? முப்பது தாண்டினாதான் அவ சோறு துன்றா. பயந்தவ. வுடு'ன்னாரு. நான் சொல்லிடுவேன்னேன். சொன்னா திருப்பதிக்கே போவ மாட்டேன்னாரு. வாரத்துல அந்த ஒரு நாளுதான் சிரிச்சிக்கினு வருவாரு. அத எப்டி நான் கெடுக்கறது?"

அண்ணியின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. உன்மேல் வந்தது. இதுவரை வராத கோபம். பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் ஆண்பிள்ளைக்கு மூச்சு வாங்கக்கூடாது என்று நின்றாய், சரி. என் முன்னாலும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாயா? என் பயத்தை எடுத்து நீ போர்த்திக்கொண்டிருக்கிறாய் அண்ணா. அதற்குள் ஒளிந்துகொண்டு ஆறாவது படியில் குழம்பு விசாரித்திருக்கிறாய். குற்றம் என்னுடையது என்று சுமந்துகொண்டு வந்தேன். அதில் பாதியை நீ முன்னமே எடுத்து வைத்துக்கொண்டிருந்தாய் என்று தெரிந்தால் பாரம் குறைய வேண்டாமா? குறையவில்லை. தனியாகத்தான் இருந்தேன், இன்னும் தனியாகிப் போனேன்.

அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தபோதுதான் என் காதில் ஒன்று விழுந்தது. அண்ணி ஏதோ ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள். 'அழுவாத பாப்பா' என்று சொல்லி, நிறுத்தி, மூச்சு எடுத்தாள். 'போனவரு' என்றாள், எடுத்தாள். 'திரும்பியா வரப்போறாரு' என்றாள், மறுபடி எடுத்தாள். மூன்று சொல்லுக்கு ஒருமுறை. உன் பேச்சு கடைசி மாதங்களில் அப்படித்தான் இருந்தது. அதை நீ நிதானமாகப் பேசக் கற்றுக்கொண்டாய் என்று நான் நினைத்திருந்தேன்.

"அண்ணி, ஒனக்கு எத்தினி நாளா இப்டி?"

"எப்டி?"

"மூச்சு."

"போடி இவளே. பொம்பளைக்கு வேல செஞ்சா மூச்சு வாங்காதா? வயசாவல?" என்று முறத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். எழுந்தவள் தூணைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். நின்றதற்கு ஒரு காரணம் வேண்டுமே, பக்கத்து வீட்டுக் கோழியைச் சூ சூ என்று விரட்டினாள். அங்கே கோழி இல்லை.

இருபத்திரண்டு வருஷம் உன் சட்டையையும் வேட்டியையும் தினம் உதறித் துவைத்தவள் அவள். பட்டறை பெருக்கவும் போனாள் அல்லவா, அரைக்கூலிக்கு. உன் நெஞ்சைப் பார்த்தவர்கள் ஒருவரும் அவள் நெஞ்சைப் பார்க்கவில்லை. நீ ஆம்பிளை, உனக்கு வாங்காது. அவள் பொம்பிளை, அவளுக்கு வாங்கத்தானே செய்யும். இரண்டு பேச்சும் கடைசியில் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விடுகின்றன.

"பொடவைய மாத்து. புத்தூருக்குப் போலாம்" என்றேன்.

"இன்னாத்துக்கு? அடுப்புல ஒல வெச்சிக்கீறேன்."

"அடுப்ப நான் அணைக்கறேன்."

"எண்ணிப் பாரேன் வேணும்னா. முப்பது வரும்" என்று சிரித்தாள். உன் வீட்டில் இருந்து இருந்து அவளுக்கும் உன் கிண்டல் வந்துவிட்டது. நான் எண்ணவில்லை. அடுப்பை அணைத்தேன்.

ஆஸ்பத்திரியில் இப்போது ஒரு பெண் டாக்டர் இருக்கிறார். அண்ணியை உட்கார வைத்து முதுகில் குழாயை வைத்துப் பார்த்தார். பிறகு, "மூச்சு வாங்குதாம்மா?" என்று கேட்டார்.

அண்ணி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அதெல்லாம்..." என்று ஆரம்பித்தாள். நான் குறுக்கே பேசவில்லை. பேசினால் என் பயம்தான் பேசும் என்று வாயை இறுக்கிக்கொண்டிருந்தேன். டாக்டரும் அவசரப்படாமல் காத்துக்கொண்டிருந்தார்.

"வாங்குதும்மா" என்றாள் அண்ணி. "ஆறு மாசமா. துணி தொவச்சா வாங்குது. குனிஞ்சா வாங்குது. இப்பகூட வாங்குது."

சொன்ன பிறகு அவளுக்கு அழுகை வந்துவிட்டது. டாக்டர் படம் எடுக்க எழுதிக்கொடுத்தார். வரும் திங்கட்கிழமை தெரியும். என்ன வந்தாலும் ஆக்சிஜன் வேண்டுமென்றால் அது திருப்பதியில் என் வீட்டில்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன். பதினான்கு படியில் அவளை நாற்காலியில் உட்கார வைத்தாவது ஏற்றிவிடுவேன். என்னுடைய பித்தப்பைக் கல் இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்.

இங்கே மத்தியானம். வீட்டில் நான் மட்டும்தான் இருக்கிறேன். அந்த டாக்டரம்மா கேட்டது ஒரு சின்னக் கேள்வி அண்ணா. கேட்டுவிட்டு அண்ணி வாயைத் திறக்கும்வரை காத்திருந்தார், அவ்வளவுதான். ஒரு வருஷச் சனிக்கிழமைகளில் உன் எதிரே உட்கார்ந்து அத்தனை கோவிந்தா சொல்லியிருக்கிறேன். மூச்சு வாங்குகிறதா அண்ணா என்று ஒருமுறைகூட நான் உன்னைக் கேட்டதில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாயோ என்றுதான், நீ வந்து உட்கார்ந்ததும் எண்ண ஆரம்பித்துவிடுவேன்.